மூன்று மில்லிமீட்டர் சண்டை

1864-ல் பாரிஸில் ஒரு கார்னெட் பாடப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ழான்-பாப்டிஸ்ட் ஆர்பன். தலையணை கனம். இன்றைக்கும் டிரம்பெட் வாசிப்பவர்கள் அதை 'பைபிள்' என்றுதான் சொல்வார்கள். பெரும்பகுதி பயிற்சிகள், முன்னால் சில பக்கங்கள் மட்டும் விளக்கவுரை. வாத்தியக்காரர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு நேராக முதல் பயிற்சிக்குப் போய்விடுவார்கள். நான் சில வாரங்களாக அந்த முன்பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அதில் மௌத்பீஸை எங்கே வைப்பது என்று ஒரு குறிப்பு வருகிறது. உதடுகளின் நடுவில் வை, மூன்றில் ஒரு பங்கு மேலுதட்டில், இரண்டு பங்கு கீழுதட்டில் இருக்கட்டும் என்கிறார் ஆர்பன். உடனேயே, எப்படியானாலும் நான் வைத்துக்கொண்டது இப்படி, இதுவே நல்லது என்று நினைக்கிறேன் என்றும் சேர்க்கிறார். ஹார்ன் வாசிப்பவர்கள் இதற்கு நேர் எதிராக மேலுதட்டில் இரண்டு பங்கு வைப்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். அவர்களுக்கு அது சரிதான். ஆனால் அந்த வாத்தியத்தின் அமைப்பு வேறு, பிடிக்கிற விதம் வேறு என்று ஒரு காரணமும் கொடுக்கிறார்.

இந்த இடத்தைப் பற்றிய சச்சரவு ஆர்பனுக்கு முன்பே இருந்தது, அவருக்குப் பிறகும் தீரவில்லை. இதில் சிலருக்கு வாசிப்பே போயிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஊதிப் பழகாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. கிளாரினெட்டில் ஒற்றை நாணல் தகடு. டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா எதிலும் சீவாளி கிடையாது. ஊதுகிறவனின் உதடுதான் அங்கே சீவாளி. நம்ம ஊர் சங்கு, கொம்பு, எக்காளம் எல்லாமே இந்தக் குடும்பம்தான். மூடிய உதடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளினால் அவை விலகி, உடனே மூடி, மறுபடி விலகும். நொடிக்கு 440 தடவை இது நடந்தால், மேற்கத்திய இசைக்குழுக்கள் சுருதி சேர்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் சுரம் கிடைக்கும். டிரம்பெட்டின் மேல்ஸ்தாயியில் அது தொள்ளாயிரத்தைத் தாண்டிவிடும். கையால் இதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, டிரம்பெட்டில் மூன்று வால்வுகள் இருக்கின்றனவே, சுரத்தை மாற்றுவது அவைதானே என்று கேட்கலாம். மூன்று வால்வுகளை எப்படிச் சேர்த்து அழுத்தினாலும் மொத்தம் எட்டு சேர்க்கைதான் வரும். ஆனால் சாதாரணமாக வாசிக்கும் சுரங்கள் முப்பதுக்கும் மேல். ஒரு வால்வையும் தொடாமலேயே ச, ப, மேல் ச, அதற்கு மேல் க, ப என்று ஏறிக்கொண்டே போகலாம். இந்த ஏற்றம் முழுவதும் உதட்டிலும் மூச்சிலும் நடப்பது. உதட்டையும் அதைச் சுற்றியுள்ள தசைகளையும் இதற்காக அமைத்துக்கொள்ளும் விதத்துக்குப் பிரெஞ்சு வார்த்தையான 'எம்பூஷர்' என்பதையே உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அதே வார்த்தைக்குப் பிரெஞ்சில் ஆற்றின் முகத்துவாரம் என்றும் பொருள் உண்டு. ஜெர்மன்காரர்கள் 'அன்ஸாட்ஸ்' என்பார்கள்.

இப்போது அளவுகளைப் பார்ப்போம். டிரம்பெட் மௌத்பீஸின் உள்விட்டம் 16, 17 மில்லிமீட்டர். டிராம்போனுக்கு 25 பக்கம். டியூபாவுக்கு 32-ஐ ஒட்டி. டிரம்பெட்டையே எடுத்துக்கொண்டால், மேலுதட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பதற்கும் சரிபாதி என்பதற்கும் உள்ள வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஊதுகிறவனுக்கு அது வேறு வாத்தியம் மாதிரி இருக்கும். விளிம்பு உதட்டின் சிவந்த பகுதியில் உட்கார்ந்தால் அங்கே தாங்குவதற்குத் தசை குறைவு, மெல்லிய சதைதான் அழுத்தத்தை வாங்கும். கொஞ்சம் தள்ளி, தோலும் தசையும் உள்ள இடத்தில் உட்கார்ந்தால் நடுவில் உள்ள மெல்லிய பகுதி சுதந்திரமாக அதிரும். உதட்டின் பருமன், பல்வரிசை, தாடையின் நீளம் எல்லாம் இதில் வந்து சேர்கின்றன. எல்லாருக்கும் ஒரே பல்வரிசையா என்ன?

பாரிஸில் இந்தக் கேள்வி ஆர்பனுக்கு முன்பே, ஹார்ன் வாத்தியக்காரர்களிடம் இருந்தது. பாரிஸ் கன்சர்வேட்டரி 1795-ல் தொடங்கப்பட்டது. அங்கே முதல் ஹார்ன் ஆசிரியர்களில் ஒருவர் ஹைன்ரிஷ் டோம்னிச், ஜெர்மன்காரர். அவருடைய பாடப் புத்தகம் 1807-ல் வந்தது. அதற்கடுத்த தலைமுறையில் லூயி-பிரான்சுவா டோப்ரா, 1824-ல். வால்வு இல்லாத ஹார்ன் காலம் அது. மேல்ஸ்தாயி வாசிப்பவர் ஒரு சாதி, கீழ்ஸ்தாயி வாசிப்பவர் இன்னொரு சாதி என்று பிரித்து வைத்திருந்தார்கள். இருவருக்கும் மௌத்பீஸின் விட்டமே வேறு. மாணவன் வந்ததும் அவன் உதட்டைப் பார்த்து, நீ மேலே, நீ கீழே என்று பிரித்துவிடுவது வழக்கம். கறாரான ஏற்பாடுதான். ஆனால் ஆளுக்கு ஆள் வாய் வேறு என்பதை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு.

ஜெர்மன் ஹார்ன்காரர்களிடம் இன்னொரு பாகுபாடும் இருந்தது. மௌத்பீஸை இரண்டு உதடுகளின் மேலும் பட்டும் படாமல் வைப்பது ஒரு முறை. அதன் கீழ்விளிம்பைக் கீழுதட்டின் சிவந்த பகுதிக்குள் பதித்து வைப்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே உண்டு.

கார்னெட் இந்தப் பரம்பரையில் கடைசியாக வந்த பிள்ளை. 1820-களின் இறுதியில், தபால் வண்டிக்காரர்கள் ஊதும் கொம்பில் வால்வு பொருத்தியபோது பிறந்தது. ஆர்பன் 1825-ல் லியோன் நகரில் பிறந்தவர். கன்சர்வேட்டரியில் டோவெர்னே என்பவரிடம் டிரம்பெட் படித்தார். 1857-ல் ராணுவ இசைப்பள்ளியில் ஆசிரியரானார். கார்னெட்டைக் கன்சர்வேட்டரிக்குள் கொண்டுபோக வேண்டும் என்று பாடுபட்டு, 1869-ல் அதைச் சாதித்தார். மேடைக் கலைஞராகவும் பெரிய பெயர். அப்படிப்பட்டவர் எழுதிய புத்தகத்தில் வரும் ஒரு வரிக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே இடத்தில் அவர் இன்னொரு விஷயமும் எழுதியிருக்கிறார். எனக்கு இந்தப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த பத்தி இதுதான். சில ஆசிரியர்கள், தங்களிடம் வரும் மாணவன் ஏற்கெனவே பழகிவைத்திருக்கும் இடத்தை மாற்றுவதையே ஒரு கொள்கையாக வைத்திருக்கிறார்கள் என்கிறார். கன்சர்வேட்டரிக்குள் அதற்கு ஒரு பட்டப்பெயர்கூட இருந்ததாம்: 'ஆர்த்தோபீடிக் முறை'. நன்றாக வாசித்துக்கொண்டிருந்த பல கலைஞர்கள் இந்தச் சிகிச்சைக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள், பல வருடங்களை வீணடித்தார்கள், கடைசியில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள், ஒருவருக்கும் பயன் இல்லை, சிலருக்கு அதற்குப் பிறகு வாசிக்கவே முடியவில்லை என்று எழுதுகிறார். இதைச் சொல்வது என் கடமை என்றும் சொல்கிறார். நாசூக்காக எழுதும் மனுஷன் இந்த ஒரு இடத்தில் மட்டும் குரலை உயர்த்துகிற மாதிரி எனக்குப் படுகிறது.

'ஆர்த்தோபீடிக்' என்ற வார்த்தையில் ஒரு குத்தல் இருக்கிறது. 1741-ல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் உருவாக்கிய சொல் அது. பிள்ளைகளின் கோணலான உடலை நேராக்கும் வித்தை என்று அர்த்தம். அவருடைய புத்தகத்தில் ஒரு கோணல் மரத்தை நேரான கம்பத்தோடு கயிறு போட்டுக் கட்டியிருக்கும் படம் உண்டு. இன்றைக்கும் எலும்பு மருத்துவர்கள் அதைத்தான் சின்னமாக வைத்திருக்கிறார்கள். கன்சர்வேட்டரி மாணவர்கள் யாரோ அந்தக் கயிற்றை உதட்டில் கட்டிப் பார்த்திருக்கிறார்கள்!

ஆக, ஒரே இடத்தில் இரண்டு செய்திகள். ஒன்று: மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. இரண்டு: ஏற்கெனவே நன்றாக வாசிக்கிறவனைத் தொடாதே. புத்தகம் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனது, கார்ல் ஃபிஷர் கம்பெனி பதிப்பு மூலம் பேண்டு இருந்த ஊரெல்லாம் போனது. பின்னங்கள் ஞாபகம் வைக்கச் சுலபம். பலகையில் எழுதிப் போடலாம், பையனின் வாயைப் பார்த்து அளக்கலாம். இரண்டாவது செய்திக்கு அந்த வசதி இல்லை. 20ஆம் நூற்றாண்டில் வந்த பாடப் புத்தகங்களைப் பார்த்தால் சிலர் சரிபாதி என்றார்கள், சிலர் ஆர்பனைத் தலைகீழாக்கி மேலுதட்டில் இரண்டு பங்கு என்றார்கள். எண்தான் மாறியது, எல்லாருக்கும் ஒரே எண் என்ற பழக்கம் மாறவில்லை.

இது எனக்கு வெறும் புத்தக விஷயமும் இல்லை. பள்ளிக்கூட பேண்டில் மூன்று வருடம் கார்னெட் ஊதியிருக்கிறேன். பேண்டு மாஸ்டர் ஒவ்வொரு பையனாக வந்து, கட்டைவிரலால் மௌத்பீஸை நகர்த்தி 'இங்க வை' என்பார். எனக்கு அது பெரிய தொந்தரவாக இல்லை. நான் சுமாராக ஊதினேன், நகர்த்திய பிறகும் சுமாராகவே ஊதினேன். என் பக்கத்தில் நின்றவன் அப்படி இல்லை. எங்கள் எல்லாரையும்விட மேலே போகிறவன், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, ரொம்பக் கீழே வைத்து ஊதுவான். அவனை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடத்தில் அவனுடைய மேல் சுரங்கள் போயின. அடுத்த வருடம் அவன் பேண்டுக்கு வரவில்லை. அவனுக்கு ஆர்பனின் இரண்டாவது செய்தியை யாராவது படித்துக் காட்டியிருந்தால் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது.

இனி சிகாகோ. பிலிப் ஃபார்கஸ் 1914-ல் அங்கே பிறந்தவர். இருபத்திரண்டு வயதிலேயே சிகாகோ சிம்பனியில் முதல் ஹார்ன். நடுவில் வேறு இசைக்குழுக்களுக்குப் போய்த் திரும்பி, 1960 வரை அங்கே வாசித்து, பிறகு இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1956-ல் அவர் ஹார்ன் வாசிப்பு பற்றி எழுதிய புத்தகம் ஹார்ன்காரர்களுக்கு இன்னொரு பைபிள். அதில் ஹார்னுக்கு மேலுதட்டில் இரண்டு பங்கு, கீழுதட்டில் ஒரு பங்கு என்ற பழைய விதி வருகிறது. உதட்டைச் சிரிப்பது போல இரண்டு பக்கமும் இழுத்து ஊதும் பழைய வழக்கத்துக்கு எதிராகவும் கடுமையாக எழுதினார். இழுத்தால் உதடு மெலியும், ஒலியும் மெலியும், சீக்கிரம் களைத்துப்போகும். அந்த விஷயத்தில் அவர் சொன்னது நிலைத்துவிட்டது.

1962-ல் எல்லாப் பித்தளை வாத்தியங்களுக்கும் சேர்த்து இன்னொரு புத்தகம். இதில்தான் சுவாரசியம். மௌத்பீஸின் கிண்ணத்தை எடுத்துவிட்டு விளிம்பை மட்டும் ஒரு கைப்பிடியில் பொருத்தினால், அந்த வளையத்துக்குள் உதடு என்ன செய்கிறது என்று பார்க்கலாம். சிகாகோ சிம்பனியில் தன்னோடு வாசித்தவர்களின் உதடுகளைப் படம் எடுத்து அதில் போட்டார். கூடவே ஒரு கொள்கையும். காற்று மௌத்பீஸின் துவாரத்துக்குள் நேராகப் போக வேண்டும். அதற்குக் கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இரண்டு உதடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேட்பதற்கு முழுக்க நியாயமாக இருக்கிறது. குழாயில் தண்ணீர் விடுகிறோம், நேராக விட்டால்தானே சிந்தாது?

எட்டு வருடம் கழித்து, 1970-ல், ஃபார்கஸ் மூன்றாவது புத்தகம் கொண்டுவந்தார். நாற்பது தேர்ந்த ஹார்ன் கலைஞர்களின் உதடுகள், புகைப்படங்களாக. தன் கொள்கையை நாற்பது பேர் வாயில் வைத்துப் பார்த்த மாதிரி. படங்கள் அவர் பக்கம் சாட்சி சொல்லவில்லை. ஏறக்குறைய எல்லாருமே காற்றைக் கீழ்நோக்கித்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபார்கஸ் படங்களை ஒளித்துவைக்கவில்லை, தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டு புத்தகத்தை வெளியிட்டார். பாடப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், அந்தப் புத்தகத்துக்கு எதிரான ஆதாரத்தைத் தானே தேடிப்போய் எடுத்துவந்து அச்சிட்ட வேறு சம்பவங்கள் இருந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன். சோகம் என்னவென்றால், 1962 புத்தகம்தான் இன்றும் கடையில் சுலபமாகக் கிடைக்கிறது. 'தாடையை முன்னால் தள்ளு, காற்றை நேராக விடு' என்று பல வகுப்புகளில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

காற்று ஏன் கீழே போகிறது? இதற்குப் பதில் ஃபிலடெல்ஃபியாவில் முன்பே ஒருவரிடம் இருந்தது. டொனால்ட் ரைன்ஹார்ட், டிராம்போன்காரர், 1908-ல் பிறந்தவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பழுதுபார்க்கக் கொடுத்த டிராம்போன், பின்பக்கத்து எடைக்கட்டி இல்லாமல் திரும்பி வந்ததாம். வாத்தியம் முன்பக்கம் சாய, மௌத்பீஸின் கோணம் மாற, அதுவரை வராத மேல் சுரங்கள் திடீரென்று வந்துவிட்டனவாம். கதை எப்படியோ, அவர் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் செய்தது வாய் பார்க்கும் வேலைதான். 'பிவட் சிஸ்டம்' என்ற பெயரில் 1942-ல் முதல் புத்தகம். மாணவர்களின் பல்வரிசை, தாடை, உதடு, வைக்கும் இடம் எல்லாவற்றையும் கவனித்து அவர்களைப் பல வகைகளாகப் பிரித்தார். ஒரு வகைக்குச் சொல்லும் பாடத்தை இன்னொரு வகைக்குச் சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி.

அவருடைய கருத்தின் சாரம் இவ்வளவுதான். கிண்ணத்துக்குள் எந்த உதடு அதிகம் இருக்கிறதோ அது மற்ற உதட்டின் மேல் கொஞ்சம் கவிழ்ந்து நிற்கும். மேலுதடு அதிகம் என்றால் காற்று கீழ்நோக்கி வரும். கீழுதடு அதிகம் என்றால் மேல்நோக்கிப் போகும். முதல் வகைக்காரர்கள் பெரும்பான்மை, இரண்டாம் வகைக்காரர்கள் சிறுபான்மை. இரண்டிலும் மிகச் சிறந்த கலைஞர்கள் உண்டு. ரைன்ஹார்ட்டின் எழுத்து நடை கரடுமுரடு. வகைக்குள் உட்பிரிவு, அதற்குள் இன்னொரு பிரிவு என்று போகும். இவரை ஏன் பலர் ஒதுக்கினார்கள் என்பது அவரைப் படித்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஆதாரம் பிறகு வந்தது. 1942-லேயே டேனியல் மார்ட்டின் என்ற ஒலியியல் ஆய்வாளர், கார்னெட் வாசிக்கும்போது உதடு அதிர்வதை விட்டுவிட்டு ஒளிரும் விளக்கைக் கொண்டு படம் எடுத்திருந்தார். 1970-ல் லாயிட் லெனோ என்ற டிராம்போன் ஆசிரியர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஒளி ஊடுருவும் மௌத்பீஸ் செய்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் கேமராவை அதன் முன்னால் வைத்தார். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உதடுகள் இரண்டும் கரையில் அலை அடிப்பது போல மடிந்து விரிகின்றன. கிண்ணத்துக்குள் எது அதிகமோ அதுதான் அதிகம் ஆடுகிறது. மேல்நோக்கி ஊதுகிறவர்களும் இருந்தார்கள், கீழ்நோக்கி ஊதுகிறவர்களும் இருந்தார்கள். ரைன்ஹார்ட் வெளியிலிருந்து பார்த்துச் சொன்னது படச்சுருளில் பதிவாகிவிட்டது.

இப்போது ஆர்பனிடம் திரும்பிப் போவோம். கீழுதட்டில் இரண்டு பங்கு வைத்தவர் அவர். அவர் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே நம்பினால், ஆர்பன் அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தவராக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். அவர் உதட்டை யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் ஊகம் சரியென்றால், பெரும்பான்மைக்கு ஒத்துவராத ஒரு வாயின் அளவு நூறு வருடங்களுக்கு மேல் எல்லாருக்குமான அளவாக அச்சில் இருந்திருக்கிறது. அவரோ 'நான் வைத்துக்கொள்வது இப்படி' என்றுதான் எழுதினார்.

இடத்தோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று அழுத்தம். மௌத்பீஸை உதட்டில் எவ்வளவு அழுத்துவது? அழுத்தவே கூடாது என்று ஒரு பள்ளி இருந்தது. டிரம்பெட்டை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கையால் தொடாமல் மேல் சுரம் ஊதிக்காட்டிய கதைகள் உண்டு. 1980-களில் கிளாஸ்கோவில் பார்பனெல், கென்னி, டேவிஸ் என்ற மூவர் டிரம்பெட்டில் விசை அளக்கும் கருவி பொருத்திப் பார்த்தார்கள். தேர்ந்த வாசிப்பாளர்களும் நடுத்தர வாசிப்பாளர்களும் கொடுத்த அழுத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வாசிப்பதைப் பார்த்து யார் அதிகம் அழுத்துகிறார் என்று அனுபவசாலிகளால் சொல்லவும் முடியவில்லை.

இதற்காக அழுத்தம் ஒன்றும் செய்யாது என்று அர்த்தம் இல்லை. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் மேலுதட்டைப் படங்களில் உற்றுப் பாருங்கள், தழும்பு தெரியும். நியூ ஆர்லியன்ஸில் ஒரு சீர்திருத்தப் பள்ளியில் கார்னெட் பிடித்த பையன். இரவு இரவாக மேல்ஸ்தாயியில் வாசித்து 1930-களின் தொடக்கத்தில் உதடு பிளந்துபோனது. ஐரோப்பாவில் இருந்தபோது மாதக்கணக்கில் வாத்தியத்தைத் தொடாமல் ஓய்வெடுக்க வேண்டிவந்தது. 1982-ல் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹைமே பிளானாஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், டிரம்பெட் வாசிப்பவர்களுக்கு வாயைச் சுற்றியுள்ள தசை கிழிந்துபோவதை விவரித்துக் கட்டுரை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சாட்ச்மோ சிண்ட்ரோம்'. சாட்ச்மோ என்பது ஆர்ம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயர். ஃபிரெடி ஹப்பார்டுக்கு 1992-ல் மேலுதடு கிழிந்து புண்ணாகி, பழைய வாசிப்பு திரும்பவே இல்லை.

உதட்டுக்குப் பின்னால் பல். விளிம்பு கடைசியில் சாய்ந்து நிற்பது பல்லின் மேல்தான். 1966-ல் செட் பேக்கரைக் கலிபோர்னியாவில் அடித்துப் போட்டார்கள். பற்கள் கெட்டு, கடைசியில் பல்செட் வைக்க வேண்டிவந்தது. பெட்ரோல் பங்கில்கூட வேலை பார்த்தார். புதுப் பற்களை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கற்று, 1973-ல்தான் மேடைக்குத் திரும்பினார். லண்டனில் மாரிஸ் போர்ட்டர் என்ற பல் மருத்துவர் 1967-ல் இந்த விஷயத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். கன்னத்தை உப்பவிடாதே என்பது எல்லாப் பாடப் புத்தகத்திலும் உள்ள விதி. டிஸ்ஸி கில்லஸ்பி கன்னம் இரண்டும் தவளை மாதிரி உப்பித்தான் உலகம் சுற்றினார். ஆனால் அவரைப் பார்த்து அப்படி ஊத முயற்சி செய்யாதீர்கள்.

ஃபார்கஸ் வாசித்த அதே சிகாகோ சிம்பனியில், 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்தவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். அவர் வீட்டிலும் ஸ்டுடியோவிலும் மூச்சை அளக்கும் கருவிகளாகக் குவிந்து கிடக்கும். உடற்கூறு அவ்வளவு தெரிந்தவர். ஆனால் மாணவனிடம் உதட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். காற்றை விடு, மனசுக்குள் பாட்டைப் பாடு, உதடு தானாக அமையும் என்பது அவர் வழி. பலருக்கு அது வேலை செய்தது. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. உதடு தானாக அமையாமல் போனவர்களுக்கு இந்த வழியில் பதில் இல்லை, 'இன்னும் நன்றாகப் பாடு' என்பதைத் தவிர. அவர்களுக்கு ரைன்ஹார்ட் மாதிரி வாயைத் திறந்து பார்க்கிற ஒரு ஆசாமி தேவைப்படுகிறார்.

வாசிப்பு போவதற்கு இன்னொரு வழியும் உண்டு. 2001-ல் ஸ்டீவன் ஃப்ரூக்ட் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவரின் குழு 26 ஊதுவாத்தியக் கலைஞர்களைப் பற்றி எழுதியது. புண் இல்லை, கிழிசல் இல்லை. சாப்பிடலாம், பேசலாம். மௌத்பீஸை வைத்ததும் உதடு நடுங்கும், அல்லது ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், அல்லது பூட்டிக்கொள்ளும். மூளை அந்த அசைவை இயக்குவதில் வரும் கோளாறு இது, டிஸ்டோனியா என்கிறார்கள். வந்தால் தானாக விலகுவது அரிது. வெளியிலிருந்து பார்க்கிற ஆசிரியருக்கு 'மௌத்பீஸ் இடம் சரியில்லை' என்றுதான் தோன்றும். அங்கேயும் கட்டைவிரல் வேலையை ஆரம்பித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், வாசிக்கும்போதே வாய்க்குள் நடப்பதை எம்.ஆர்.ஐ. மூலம் திரைப்படம் போல எடுக்கிறார்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் ஹார்ன் கலைஞர் சாரா வில்லிஸ் அந்த இயந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு ஊதிய காட்சியை யூடியூபில் பார்க்கலாம். உலோகம் கூடாது என்பதால் வேறு பொருளில் செய்த ஹார்ன். நாக்கு மேலும் கீழும் போய் வருவது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. ஒருமுறை பாருங்கள், மேல் சுரத்துக்கும் கீழ் சுரத்துக்கும் வாய்க்குள் இவ்வளவு இடமாற்றமா என்று இருக்கும்.

டோப்ராவின் 1824 புத்தகத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மேல்ஸ்தாயிக்காரருக்கும் கீழ்ஸ்தாயிக்காரருக்கும் அவர் சொன்ன மௌத்பீஸ் விட்டங்களை இன்றைய அளவுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இங்கே போடுகிறேன்.